அண்ணி கால் வைத்த நிலம்

எங்கள் தெருவில் செருப்பு போட்டுக்கொண்டு வயலுக்குப் போன ஒரே பெண்பிள்ளை என் வீட்டுக்காரருடைய அக்காதான். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. வார் அறுந்தால் ஊக்கு குத்திக்கொள்வார், ஊக்கும் போனால் சணல் கட்டிக்கொள்வார், வெறுங்காலோடு மட்டும் நடக்க மாட்டார். மழையில் வரப்பு வழுக்கும்போது ஆம்பிளைகளே செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அண்ணி செருப்போடு வழுக்கி விழுவார், முழங்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பார், மறுபடியும் செருப்போடு நடப்பார்.

‘சிங்கப்பூர்க் காசு எல்லாருக்கும் தலைக்கு ஏறும், இவளுக்குக் காலுக்கு ஏறியிருக்கு’ என்று பெரிய தெருவில் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன காலம் ஒன்றும் வெகு தூரத்தில் இல்லை. அதனால் அந்தப் பேச்சில் காரம் கொஞ்சம் கூடவே இருந்தது. நான் பதிலுக்கு ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அண்ணி தடுத்துவிடுவார்.

“விடு புள்ள. என்னாலதானே பேசுறாங்க.”

இந்த ‘என்னாலதான்’ இல்லாமல் அண்ணிக்கு ஒரு பொழுது போகாது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தால், நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாலும், அது அண்ணியால்தான். பஸ் போய்விட்டால் அண்ணியால்தான். என் மூத்தவனுக்குக் காய்ச்சல் கண்டால், முந்தின நாள் சாயந்தரம் அவனைக் குளத்தங்கரைப் பக்கம் தூக்கிக்கொண்டு போனதை நினைவு வைத்திருந்து சொல்வார். நான் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். ஒரு பிள்ளை கீழே விழுந்து அழுதால் மற்ற பிள்ளைகள் எல்லாம் “நான் இல்ல டீச்சர், நான் இல்ல டீச்சர்” என்று கத்துவதைத்தான் வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு முன்னாலேயே “நான்தான்” என்று ஓடிவந்து நிற்கிற ஆளை என் வீட்டில் மட்டும்தான் பார்த்தேன்.

கேட்க நல்ல குணம் மாதிரி இருக்கும். கூட இருந்து பார்த்தால்தான் தெரியும். அப்படிப்பட்ட ஒருத்தரோடு ஒரே வீட்டில் இருந்தால் இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, ‘ஆமாம், உங்களால்தான்’ என்று சொல்லிப் பாவத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். இல்லை, ‘உங்களால் இல்லை’ என்று தினமும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அலுத்ததற்காக நாமே குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். நான் இரண்டாவது ரகம். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும், எரிச்சல் அடங்கினதும் அழுகை வரும்.

ஆனால் அந்தக் கால் ஒரு காலத்தில் எப்பேர்ப்பட்ட கால்!

திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊர். வாய்க்கால் தண்ணீரும் வண்டலுமாக இருக்கிற நஞ்சைப் பூமி. அண்ணிதான் எங்கள் தெருவுக்கு நடவாள் கட்டுகிறவர். பெண்பிள்ளைகளைத் திரட்டிக் கூட்டிக்கொண்டு போய் வரப்பில் நிற்க வைத்துவிட்டு, அவர் மட்டும் முதலில் சேற்றில் இறங்குவார். அங்கே ஒரு எட்டு, இங்கே ஒரு எட்டு. நிலத்துக்காரர் வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். “சேறு இன்னும் பழுக்கலீங்க, இன்னொரு சால் ஓட்டச் சொல்லுங்க” என்று அண்ணி சொல்லிவிட்டால், அவிழ்த்துவிட்ட மாட்டை மறுபடியும் பூட்ட வேண்டியதுதான்.

எனக்கும் ஒருமுறை சொல்லித் தந்தார். நான் படித்தவள் என்று வயலில் இறங்காதவள், அதனால் வரப்பில் நின்றே கேட்டுக்கொண்டேன். சேற்றில் கால் வைத்தால் அது உள்ளே போய் ஒரு இடத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் அது உளை. அதில் நட்டால் பயிர் சாயும், மாடு இறங்கினால் ஏறாது, ஊற்றுகிற தண்ணீரெல்லாம் கீழே போய்விடும். கணுக்கால் முழுகிக் கால் போய் நின்றால், அந்த நிற்கிற இடத்துக்குப் பெயர் அடி. “மேல வெண்ணெயா இருக்கணும், அடி கெட்டியா இருக்கணும். அப்பத்தான் தண்ணி நிக்கும், பயிரும் நிக்கும்” என்பார். பாவம், அந்தச் சொல்லை அவர் பிற்பாடு எத்தனை தடவை நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டாரோ.

அண்ணியைக் கட்டிக்கொடுத்த இடத்தில் பிள்ளை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்த கொஞ்ச நாளில் அம்மா போய்ச் சேர, கைக்குழந்தையாக இருந்த தம்பி அண்ணி இடுப்பில் ஏறிக்கொண்டான். வரப்பு மரத்தில் சேலைத் தூளி கட்டி அவனைப் போட்டுவிட்டு நடவு நட்டு வளர்த்தார். அந்தத் தம்பிதான் என் வீட்டுக்காரர். எங்களுக்குக் கல்யாணமாகி மூத்தவன் பிறந்த சமயத்தில், ஊரில் அவனவன் பாஸ்போர்ட் எடுத்து ஏஜெண்டைத் தேடிக்கொண்டிருந்தான். டவுனில் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. நிலத்துக்காரர்களின் பிள்ளைகள் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள், எங்கள் பிள்ளைகள் சிங்கப்பூருக்குச் சாரம் கட்டப் போனார்கள்.

புறப்படும்போது என் வீட்டுக்காரர் அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார். “ஒரு துண்டு நெலம் வாங்கிப் போட்டுட்டா திரும்பி வந்துடறேன்க்கா.”

எல்லாரும் புறப்படும்போது சொல்கிற பேச்சுதான். அண்ணிக்கு அது சத்தியம். நிலம் வாங்கினால் தம்பி வந்துவிடுவான். அன்றிலிருந்து அண்ணிக்கு வேறு நினைப்பே கிடையாது.

எங்கள் ஊரில் நிலம் விற்பவர்கள் இருந்தார்கள். எங்களுக்கு விற்பவர்கள் இல்லை. ‘பாக்கலாம்’ என்பார்கள், ‘பையன் வரட்டும், கேட்டுச் சொல்றேன்’ என்பார்கள், அடுத்த மாதம் வேறொருவர் பெயருக்குக் கிரயம் ஆகியிருக்கும். அப்படியே அலைந்து அலைந்து, கடைசியில் பூதலூருக்கு அப்பால் மேட்டுப்பக்கம் ஒரு இடம் இருப்பதாகத் தரகர் சொன்னார். ஆற்றுப் பாசனம் கிடையாது, வானம் பார்த்த பூமி. ஆனால் கேள்வி கேட்காமல் விற்பார்கள். நானும் அண்ணியும் பாசஞ்சர் ரயிலேறிப் போய்ப் பார்த்தோம்.

நல்ல ஐப்பசி மழை அப்போது. வழியெல்லாம் தண்ணீர். அந்த இடத்தில் கரம்பை நிறத்தில் மண், அதன்மேல் கணுக்கால் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். அங்கே ஒரு எட்டு, இங்கே ஒரு எட்டு. நடுவில் போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

“அடி கெட்டியா இருக்கு புள்ள! இந்த மாதிரி அடி நம்ம ஊர்லயே கெடையாது.”

பக்கத்தில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு வயசான அம்மா நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. “ஆயி, கடப்பாறையப் போட்டுப் பாத்தீங்களா?” என்று கேட்டது.

அண்ணி சிரித்தபடியே சொன்னார். “வயலப் பாக்கக் கடப்பாறை எதுக்குங்க? கால் இருக்கே.”

நானும் சிரித்தேன், தரகரும் சிரித்தார். அந்த அம்மா ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டது. எங்கள் ஊரில் எத்தனை ஆழம் தோண்டினாலும் மண்தான் வரும், அப்புறம் மணல் வரும், அப்புறம் தண்ணீர் வரும். அம்மி செய்யக்கூட வெளியூரிலிருந்துதான் கல் வர வேண்டும். மண்ணுக்கு அடியில் கல் இருக்கும் என்கிற நினைப்பே எங்கள் புத்தியில் கிடையாது. இருந்தால்தானே கேட்கத் தோன்றும்! நிலத்தை விற்றவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. “நெல்லா போடப் போறீங்க?” என்று ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றோம். அதற்கப்புறம் அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

கையெழுத்தான கையோடு அந்தப் பருவத்திலேயே நட்டுவிட வேண்டும் என்று அண்ணி ஒற்றைக்காலில் நின்றார். மழையில் ஒரு போகம் எடுத்துவிட்டுக் கோடையில் கிணறு வெட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு. உழ வந்த உள்ளூர் ஆள் ஏர்க்கொழுவை ஆழ விடாமல் தூக்கித் தூக்கிப் பிடித்தார். சோம்பேறி என்று அண்ணி முணுமுணுத்தார். எங்கள் ஊரிலிருந்து நாற்று முடியெல்லாம் டெம்போவில் வந்தது, தன் நடவாட்களை ரயிலில் கூட்டிக்கொண்டு வந்தார். எத்தனையோ பேர் வயலில் முதல் முடியைப் பிரித்து நட்ட கை, சொந்த வயலின் சனி மூலையில் முதல் நாற்றை வைத்தது. பெண்பிள்ளைகள் போட்ட குலவையில் ஆடு மாடெல்லாம் மிரண்டது. அண்ணி அழுதுகொண்டே நட்டார். நான் வரப்பில் நின்று அழுதேன்.

பயிர் பிடித்துப் பச்சை கட்டியது. அப்புறம் வெளுக்க ஆரம்பித்தது. குருத்திலிருந்து மஞ்சளாகி, மஞ்சளும் போய் வெள்ளையாகி, சோகை பிடித்த பிள்ளை மாதிரி நின்றது. அண்ணி சாம்பல் போட்டார், தழை போட்டார், உரக்கடையில் கேட்டு எதையெதையோ வாங்கித் தெளித்தார். தை பிறந்து மழை விட்டதும் நின்ற தண்ணீரெல்லாம் வெயிலில் வற்றிப்போனது. மண் வெடித்தது. ஒரு பயிரைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கீழே போகாமல் பக்கவாட்டில் தட்டையாகப் படர்ந்து கிடந்தது.

ஆட்டுக்கார அம்மாதான் வீட்டிலிருந்து கடப்பாறையை எடுத்துக்கொண்டு வந்தது. ஒரு குத்து. மண் விலகியது. இரண்டாவது குத்தில் ‘டங்’ என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் அண்ணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஒரு முழம்கூட இல்லை, அதற்குக் கீழே வெள்ளை வெளேரென்று கல். கட்டி கட்டியாக, ஒன்றோடு ஒன்று ஒட்டி, தளம் போட்ட மாதிரி.

“சுக்கான்மா. சுண்ணாம்புக் கல்லு. இந்தச் சீமை பூரா இப்படித்தான் கெடக்கு. வேரும் கீழ போவாது, தண்ணியும் போவாது” என்றது அந்த அம்மா. “அன்னிக்குத் தண்ணி நிக்குது நிக்குதுன்னு சந்தோசப்பட்டீங்களே, அது போக எடமில்லாமதான் நின்னுது. மேலாப்புல எள்ளு வெதைச்சாக் கொஞ்சம் வரும், சோளம் வெதைச்சா மாட்டுக்கு ஆகும். நெல்லுன்னா எப்படி?”

அண்ணி கீழே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கல்லைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார்.

தம்பிக்குத் தானேதான் சொல்வேன் என்றார். டவுனுக்குப் போய் பூத்தில் காத்திருந்தோம். மீட்டரில் சிவப்பு எண் ஓட ஆரம்பித்ததும் ரிசீவரை அண்ணி கையில் கொடுத்தேன். “அக்கா, நெல்லு எப்படி வந்திருக்கு?” என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே கேட்டது. “என்னாலதான் தம்பி, என்னாலதான் தம்பி” என்று அண்ணி அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாங்கி விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் சாதாரணமாகச் சொன்னார்.

“சரி விடு. இன்னும் ஒரு பர்மிட் போட்டுக்கறேன்.”

வெளியே வந்ததும் “என்ன சொன்னான்?” என்று அண்ணி கேட்டார். சொன்னதைச் சொன்னேன். அதில் கோபம் இல்லை, குறை இல்லை. ஆனால் அண்ணிக்கு அது தீர்ப்பு மாதிரி விழுந்தது. இன்னும் ஒரு பர்மிட் என்றால் இன்னும் இத்தனை வருஷம் தம்பி சாரத்தின் மேல் நிற்பான். யாரால்? இந்தக் காலால்.

மறுநாள் காலையில் பார்க்கிறேன், பெட்டியில் வைத்திருந்த என் செருப்பு அண்ணி காலில் இருக்கிறது. எனக்கென்று சிங்கப்பூரிலிருந்து வந்த செருப்பு, நான் இன்னும் ஒரு தடவைகூடப் போடாதது. ‘இந்தக் கால் இனிமே மண்ணத் தொடக் கூடாது புள்ள’ என்றார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்துக்கொண்டது பற்றி எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் ‘என்னால உனக்குச் செருப்பு இல்லாமப் போச்சே’ என்று அதற்கும் ஒரு வாரம் புலம்பினார் பாருங்கள், அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை.

அதோடு நடவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். செருப்போடு சேற்றில் எப்படி இறங்குவது? களத்து வேலைக்கு மட்டும் போனார், நெல் தூற்றினார், மாடு பார்த்தார். அடுத்த நடவுக்குப் பெரிய தெருவிலிருந்து ஒருவர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். அவர்கள் எங்கள் தெருவுக்குள் வருவது அதிசயம்.

“நீ வந்து ஒரு தடவ கால் வச்சிட்டுப் போயிடு. நட வேணாம், சேத்தப் பாத்துச் சொன்னாப் போதும்.”

“வேணாங்க. இந்தக் காலு பொய் சொல்லுதுங்க.”

அவர் அண்ணி காலைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்திருக்கும்? வந்த வழியே போய்விட்டார். காலுக்கு ஏறிய காசு என்கிற பேச்சு அங்கேதான் பிறந்தது. நான் பெரிய தெருவில் போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டார். “சொல்லாத. திமிருன்னே நெனைக்கட்டும். ஏமாந்தோம்னு தெரிஞ்சா தம்பிக்குத்தான் கேவலம்.”

நிலத்தை அண்ணி விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். அதுதான் வேடிக்கை. வாய்க்கால் தூர் வாரினால் கரையில் வண்டல் கிடக்குமல்லவா, அதைக் காயவைத்துச் சிமெண்டுச் சாக்கில் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு பாசஞ்சரில் ஏறிவிடுவார். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். டிக்கெட் பரிசோதகர் மூட்டையைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

“என்னம்மா இது, அரிசியா?”

“மண்ணுங்க.”

“மண்ணா? மண்ண எதுக்கு ரயில்ல ஏத்துற?”

“அங்க இல்லீங்க.”

அவர் நம்பாமல் சாக்கைப் பிரித்துக் கையை விட்டுப் பார்த்தார். கை நிறைய வண்டலை எடுத்து மோந்துகூடப் பார்த்தார். அப்புறம் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ரயிலில் இருந்தவர்கள் எல்லாம் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். அண்ணி சிந்திய மண்ணைக் குனிந்து கூட்டி எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

அங்கே போய்க் கடப்பாறையால் சுக்கானை உடைத்துக் குழி எடுத்து, வண்டலைக் கொட்டிக் கன்று வைப்பார். செருப்போடுதான். நெல்லி வைத்தார், மா வைத்தார், தென்னைகூட வைத்துப் பார்த்தார். குழியளவுக்கு வளரும், வேர் கல்லைத் தொட்டதும் வெளுத்துவிடும். ஒரு வேம்பு மட்டும் எந்த இடுக்கில் வேரை விட்டதோ, பிழைத்துக்கொண்டது.

இடையில் என் வீட்டுக்காரர் லீவில் வந்தார். வந்த அன்றே அக்கா காலில் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்ணால் சொன்னேன். மறுநாள் அக்காவை வற்புறுத்தி நிலத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். சுக்கான் வெளியே தெரிகிற இடத்தில் ஏறி நின்று குதிகாலால் ஓங்கி மிதித்தார்.

“அக்கா, அங்க நாங்க ஒரு கட்டடம் எழுப்பணும்னா, கெட்டியான அடி கெடைக்கிற வரைக்கும் கம்பத்த எறக்கிக்கிட்டே இருக்கோம். மாசக்கணக்குல எறக்குறோம். நீ ஒரு எட்டுல கண்டுபிடிச்சிட்ட. அஸ்திவாரத்துக்கு இதவிட எடம் உண்டா?”

“கட்டடம் கட்டவா தம்பி வாங்கினோம்?” என்றார் அண்ணி.

அன்றைக்குச் சாயந்தரம் வேம்பின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்போதுதான் என் வீட்டுக்காரர் மனசில் இருந்ததைச் சொன்னார். எனக்கு அதற்கு முன்பே தெரியும், கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருக்கிறார்.

“அக்கா, ஒண்ணு சொல்றேன் கேளு. இந்த நெலத்துல பொன்னா வெளஞ்சிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். நான் சேத்துல எறங்கக் கூடாதுன்னுதான் போனேன். நீ முதுகு ஒடிஞ்சு நட்டத தூளில கெடந்து பாத்தவன் நான். எனக்கு அந்த வேலையே வேணாம்க்கா. நெலம் வாங்கினா வந்துடறேன்னது சும்மா, ஒன்னச் சமாதானப்படுத்தச் சொன்னது. உன் காலால ஒண்ணும் ஆவல.”

அண்ணி சோற்றில் கையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அப்பாடா, தீர்ந்தது என்று நான் நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“எம் மனசு நோவக் கூடாதுன்னு எவ்வளவு அழகாப் பொய் சொல்றான் பாரு புள்ள.”

“பொய் இல்ல அண்ணி, நெசமாத்தான்.”

“நீயும் சேந்துக்கிட்டியா?”

அவ்வளவுதான். அதற்குமேல் யார் என்ன சொன்னாலும் உள்ளே போகவில்லை, அந்தத் தண்ணீர் மாதிரி மேலேயே நின்றது. நான் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். தன்னால்தான் தம்பி வரமுடியாமல் போனான் என்று நினைத்தால், வருவதற்கு அவனுக்கு ஆசை இருந்தது என்பதாவது மிச்சமாகும். உள்ளதை நம்பினால் அதுவும் இல்லை. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவன் தானாகவே, விரும்பியே போனான் என்றாகிவிடும். அதைத் தாங்குவதைவிடக் காலைக் குற்றம் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். இது எனக்குப் புரிந்த நாளிலிருந்து ‘உங்களால் இல்லை’ என்று மறுப்பதையும் விட்டுவிட்டேன். மறுத்தாலும் பாவம், மறுக்காவிட்டாலும் பாவம். ‘என்னாலதான்’ என்று அவர் சொல்லும்போது பேசாமல் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருப்பேன்.

பர்மிட் கொடுக்கிற வயதும் தாண்டின பிறகு என் வீட்டுக்காரர் ஊரோடு வந்துவிட்டார். டவுனில் சின்னதாக ஒரு சிமெண்டுக் கடை போட்டார். தம்பி வயல் இல்லாமல் கடையில் உட்கார்ந்திருப்பதும் அண்ணியால்தான். எங்கள் ஊர் நடவுக்கே மெஷின் வந்துவிட்டது, யார் காலும் தேவைப்படவில்லை. அண்ணி செருப்போடு கரையில் நின்று மெஷின் நடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கார்த்திகை அடைமழையில் காய்ச்சலாகப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் சுடுகாட்டுக்குத் தனிப் பாதை கிடையாது. கோடையில் கவலையில்லை. சம்பா நின்றால் இரண்டு பேர் வயல் வழியாகத்தான் பாடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், நட்ட பயிரை மிதித்துக்கொண்டு, வரப்பில் நிற்கிறவர்களின் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு. அண்ணி அதை நினைத்து முன்னமே சொல்லி வைத்திருந்தார். “என்னத் தூக்கிட்டுப் போறப்ப யார் நடவையும் மிதிக்காதீங்க. என்னால ஒரு பயிர் சாயக் கூடாது.”

என் வீட்டுக்காரர் யாரையும் கலந்துகொள்ளவில்லை. “நமக்குன்னு எடம் இருக்குல்ல, அங்க போவோம்” என்றார். ஊரைவிட்டு அவ்வளவு தூரமா என்று சொந்தக்காரர்கள் இழுத்தார்கள். அவர் கேட்கவில்லை. அந்தப் பக்கத்து ஊரில் சொல்லவேண்டியவர்களிடம் சொல்லிவிட்டு வேன் பிடித்தார்.

குளிப்பாட்டும்போது செருப்பை நான்தான் கழற்றினேன். அத்தனை வருஷம் மண்படாமல் இருந்த பாதம். நடவுக்காரிகளுக்கு உள்ள வெடிப்பெல்லாம் மறைந்து, வழவழவென்று, பெரிய தெருப் பெண்பிள்ளை பாதம் மாதிரி இருந்தது. விரலிடுக்கில் மட்டும் பழைய சேற்றுப்புண் தழும்பு. என் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். செருப்பை மறுபடியும் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். போடவில்லை.

நிலத்தில் தண்ணீர் நின்றது, நாங்கள் முதல்முதல் பார்த்த அன்று மாதிரியே. வேம்பைச் சுற்றிக் கொஞ்சம் மேடு, அங்கே அண்ணியைக் கிடத்தினோம். குழி வெட்ட உள்ளூர் ஆட்கள் கடப்பாறையோடு வந்திருந்தார்கள். மேல் மண் சீக்கிரம் வந்துவிட்டது. அப்புறம் ‘டங்’. அதற்கப்புறம் வெறும் டங் டங் என்ற சத்தம்தான். ஒருவர் களைத்தால் இன்னொருவர் இறங்கினார். என் வீட்டுக்காரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிக் குத்தினார். வெள்ளைக் கல் பக்கத்தில் குவிந்துகொண்டே போனது, குழி மட்டும் ஆழமாகவில்லை. பொழுது உச்சிக்கு வந்தும் இடுப்பளவு தாண்டவில்லை.

எனக்குக் காதில் அண்ணி குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ‘என்னால இத்தன பேருக்குச் செரமம் பாரு புள்ள. என்னாலதான்.’

கடப்பாறை பிடித்தவர்களில் மூத்தவர் குழிக்குள்ளிருந்து நிமிர்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் புண்படுத்தவேண்டும் என்றில்லாமல், களைப்பில் கேட்டார்.

“எந்த மகராசங்க இந்த நெலத்தப் பாத்து வாங்குனது?”

எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் பதில் தெரியும். பழக்கம், நான் அண்ணி பக்கம் திரும்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் குழியிலிருந்து ஏறி மேலே வந்தார். கேட்டவரைப் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியைப் பார்த்துக்கொண்டு, அங்கே கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

“நான்தாங்க. நான்தான் பாத்து வாங்குனேன்.”

எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு ‘நான்தான்’ என்று ஓடிவருகிற அண்ணி, அன்றைக்கு வெறுங்காலோடு சும்மா படுத்திருந்தார்.